எண்ட்ரி அடித்ததாகச் சொன்னார்

நான் வேலை பார்த்த ஷூ தொழிற்சாலையில் எல்லாவற்றையும் அடித்தார்கள். தோலின் ஓரத்தை மடித்துச் சுத்தியலால் அடித்தார்கள். கயிறு கோக்க ஓட்டை அடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பெல் அடித்தார்கள், மேனேஜருக்கு போன் அடித்தார்கள், வேலைக்கு வராதவர்கள் மட்டம் அடித்தார்கள். தைத்து முடித்த பீஸ்களின் எண்ணிக்கையை டேப்லெட்டில் ஏற்றுவதற்கும் அதே சொல்தான்: எண்ட்ரி அடிக்கிறது. சில நாட்களில் ஆட்களையும் அடித்தார்கள். அதற்கென்று அங்கே தனிச்சொல் எதுவும் இல்லை.

டேப்லெட்டை எல்லோரும் டேப் என்பார்கள். ஆம்பூருக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலை அது. தையல் லைன் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு செக்கிங் மேசை. மேசைக்கு மேலே இரும்புச் சட்டத்தில் ஒரு டேப். இருப்பதிலேயே விலை குறைந்ததைப் பார்த்து மொத்தமாக வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு நான் சேர்ந்த வேலை, அந்த டேப்களைச் சாகாமல் பார்த்துக்கொள்வது. தினமும் சத்துவாச்சாரியில் கம்பெனி பஸ் ஏறும்போதே மனதுக்குள் பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். எதன் சார்ஜர் ஒயரை வளைத்துப் பிடித்தால்தான் ஏறும், எதன் பாட்டரி உப்பியிருக்கிறது, எதன் திரையில் இடது மூலை செத்துவிட்டது.

எண்ட்ரியை அடிப்பது என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. செக்கிங் மேசையில் இருப்பவர்களின் விரல் நுனியில் சொல்யூஷன் காய்ந்திருக்கும். அப்பர் என்று அவர்கள் சொல்லும் ஷூவின் மேல்பகுதியை ஒட்டுகிற பசை அது. அந்த விரலால் தொட்டால் டேப்புக்கு உறைக்காது. குத்த வேண்டும். ஒரு முறை, இரண்டு முறை, கடைசியில் உள்ளங்கையால் ஒன்று. டேப்பை மாட்டிய முதல் வாரத்திலேயே யாரோ "இத அடிச்சாத்தான் கேக்குது" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சே வழக்கமாகிவிட்டது.

அந்த ஆண்டு நாங்கள் அப்டேட்டுக்காகக் காத்திருந்தோம். எண்ட்ரி அடிக்கிற செயலியின் புதுப் பதிப்பு, டேப்பில் இருந்த பழைய சிஸ்டத்தில் திறக்காது. டேப் தயாரித்தவர்களோ இவ்வளவு மலிவான மாடலுக்கு அப்டேட் தருவார்களா மாட்டார்களா என்று சொல்லவே இல்லை. காலையில் போனதும் ஒவ்வொரு டேப்பிலும் அமைப்புகளைத் திறந்து பார்ப்பேன். "உங்கள் சாதனம் தற்போதைய நிலையில் உள்ளது" என்று வரும். செக்கிங் மேசை அக்கா கிண்டல் செய்வார்.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் கடுதாசி வர்லியா? மாப்ள வூட்லருந்து பதில் வர்ற மாரி எதிர்பாத்துக்கினே கீறியே!"

அந்த அக்கா அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம். பல வருடம் மிஷினில் தைத்துவிட்டு, கண் கூர்மை என்று செக்கிங்குக்கு எடுத்தார்கள். கோணல் தையலை விரலால் தடவியே கண்டுபிடிப்பார். அவர் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்; அது இவருடைய சம்பளத்தில்தான். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுவார், சீசனுக்குச் சீசன். அதனால் அக்காவுக்கு வேலை போகக்கூடாது. அதை மறைக்கவும் மாட்டார். "நான் இங்க சிரிச்சிக்கினே கீறது எதுக்குன்ற? வேல போவாம இருக்கத்தான்" என்பார்.

லைனுக்கு ஒரு சூப்பர்வைசர். அக்காவின் லைனில் இருந்தவர் கட்டிங் பிரிவிலிருந்து மேலே வந்தவர். வேலை நன்றாகத் தெரியும், கையைத்தான் அடக்கத் தெரியாது. கோணலாகத் தைத்த அப்பரைத் தைத்தவளின் முகத்தில் விட்டெறிவார். மடித்து அடிக்கிற பெண்ணின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி, அவள் விரலுக்குப் பக்கத்தில் மேசையில் ஓங்கி அடிப்பார். விரல் நகரக்கூடாது, நகர்ந்தால் இன்னொரு முறை. ஒருமுறை ஒரு பெண்ணின் பின்னலை மிஷின் சக்கரத்தில் சுற்றப்போகிறேன் என்று பிடித்து இழுத்தார். நாற்காலியோடு அவள் சாய்ந்தாள். "காது இன்னா செவுடா?" என்பதுதான் அவர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. மிஷின் சத்தத்தில் யாருக்கும் ஒழுங்காகக் காது கேட்காது என்பது அவருக்கும் தெரியும்.

ஒருவழியாக அப்டேட் வந்தது. தொழிற்சாலை வைஃபையில் நாட்கணக்காக இறங்கியது. இறங்கிய பிறகு ஒவ்வொரு டேப்பிலும் ஒரு வரி: அடுத்த முறை அணைத்துத் திறக்கும்போது நிறுவப்படும். இந்த டேப்களில் நிறுவுவது என்பது லேசில் முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாதபோது வந்து நானே ஒவ்வொன்றாக அணைத்துத் திறப்பதாக முடிவு. அதுவரை அணைக்கக்கூடாது என்று ஒவ்வொரு சட்டத்திலும் காகிதம் ஒட்டினேன்.

அதற்குள் ஒரு வேலை நாளில், சாப்பாட்டுக்கு முன்னால், கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் அக்காவின் லைனில் இருந்த டேப் அணைந்துவிட்டது. அதன் பாட்டரி உப்பிப்போன பாட்டரி, என் பட்டியலில் முதலில் இருந்தது. கரண்ட் வந்ததும் டேப் தானாகவே எழுந்து, தானாகவே அப்டேட்டுக்குள் போனது. நான் போய்ப் பார்த்தபோது கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே, அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி.

"இன்னா பாப்பா இது, சாமி வந்த மாரி சுத்திக்கினே கீது?"

"அப்டேட் ஆவுதுக்கா. தொடாதீங்க. நீங்க தொட்டாலும் அதுக்குத் தெரியாது. முடியற வரைக்கும் பேப்பர்ல எழுதி வைங்க."

சூப்பர்வைசரிடமும் போய்ச் சொன்னேன். "சார், இந்த டேப் இப்ப எதையும் எடுக்காது."

"எம்மா நேரம்?"

"சொல்ல முடியாது சார். வெயிட் பண்ணித்தான் ஆவணும்."

"ஹவர்லி கேப்பாங்கம்மா. நான் இன்னா, வட்டம் சுத்துதுன்னு சொல்றதா?"

மணிக்கு ஒருமுறை மேலே போக வேண்டிய கணக்குக்கு ஹவர்லி என்று பெயர். பேப்பர் கணக்கை போனில் சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, மற்ற லைன்களின் டேப்கள் அணையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கப் போனேன். அவை தாங்கியிருந்தன. என் அறைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது. அந்த லைனில் புதிதாகச் சேர்ந்த பெண். குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வரி சொன்னாள்.

"மேடம், கொஞ்சம் வாங்களேன். சார் அடிக்கறாரு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் "சரி, அடிக்கட்டும்" என்று வைத்திருப்பேன். அந்தத் தளத்தில் யாரோ ஒருவர் எப்போதும் எதையோ அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் அந்த டேப்பில் இப்போது எண்ட்ரி அடிக்க முடியாது. சுத்தியல் அவர் வேலை இல்லை. பெல் அடிக்க நேரம் ஆகவில்லை. வேறென்ன மிச்சம் என்று எனக்குத் தெரிந்தபோது நான் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அக்கா மேசைக்கும் மிஷினுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது காதை உள்ளங்கையால் மூடியிருந்தார். விரல்களுக்கு இடையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரை கோடாக வந்து வேலைக்குப் போடும் ஓவர்கோட்டின் மடிப்பில் நின்றிருந்தது. கட்டாகக் கட்டி வைத்த அப்பர்கள் அவரைச் சுற்றிச் சிதறிக் கிடந்தன. சூப்பர்வைசர் கையைத் தொங்கவிட்டபடி நின்று, "மிஷின ஓட்டு, மிஷின ஓட்டு" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மிஷின்கள் ஓடின. யாரும் தலையைத் தூக்கவில்லை.

நான் குனிந்து "அக்கா" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"இன்னா? இன்னா சொல்ற?"

அந்த நேரத்தில்தான் டேப் இசை எழுப்பிக்கொண்டு விழித்தது. உங்கள் சாதனம் புதுப்பிக்கப்பட்டது, புதிய அம்சங்களைப் பாருங்கள் என்றது. சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, அக்காவைத் தாண்டிக் காலெடுத்து வைத்து, பேப்பரைப் பார்த்து எண்ட்ரி அடித்தார்.

நடந்ததைப் பெண்கள் பஸ்ஸில் சொன்னார்கள். ஹவர்லி கேட்டு மேலேயிருந்து போன் வந்திருக்கிறது. பேப்பர் கணக்கு வேண்டாம், டேப்பில் ஏறவில்லையே ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அக்காவிடம் வந்து எண்ட்ரி அடி என்றிருக்கிறார்.

"எடுக்கல சார். மேடம் தொடாதன்னு சொல்லிட்டுப் போச்சி."

"மேடமா உனக்குச் சம்பளம் குடுக்குது? அடி."

"நீங்களே அடிங்க சார். எனக்கு அடிக்க வராது. ஒங்களுக்குத்தான் நல்லா வரும்."

அதற்குப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். லைன் முழுக்க, மிஷின் சத்தத்தையும் மீறி. அவர் "அடிக்கட்டா? அடிக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையை விரித்து அக்காவின் காதில் அறைந்திருக்கிறார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். விழாமல் நின்றதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாகியிருக்க வேண்டும். அப்பர் கட்டைத் தூக்கி அதே பக்கம் மறுபடியும் அடித்திருக்கிறார்.

செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தானாக மூடிக்கொள்ளலாம், மூடாமலும் போகலாம்.

ஹெச்.ஆர். அதிகாரி வெளியூர்க்காரர், நிதானமானவர். எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். சூப்பர்வைசர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆமா சார், அடிச்சேன். இல்லன்னு சொல்லல. எண்ட்ரி அடிச்சேன். அந்தம்மா அடிக்க உடாம நடுவுல தலைய வுட்டுச்சி. சட்டத்துல முட்டிக்கிச்சி."

பிறகு அதிகாரி லைன் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"சூப்பர்வைசர் அடிச்சதைப் பார்த்தீங்களா?"

"அடிச்சாரு சார்."

"எதை?"

"அடிச்சாரு சார்."

அதற்கு மேல் ஒருத்தியும் போகவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. நாளைக்கும் அந்த ஆளின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் அவர்கள் உட்கார வேண்டும். உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒளிந்துகொள்ள அந்த ஒரு சொல்லில் இடம் இருந்தது. எல்லோரும் அதற்குள் போய்விட்டார்கள். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்: அடித்ததாக அனைவரும் கூறுகின்றனர், எண்ட்ரி அடித்ததாக அவர் விளக்கம் அளித்துள்ளார்.

இதைக் கேள்விப்பட்ட அக்காவின் தம்பி விசாரணை எதற்கும் காத்திருக்கவில்லை. ஷிப்ட் விடும் நேரத்துக்கு கேட் எதிரே டீக்கடையில் வந்து நின்றான். சூப்பர்வைசர் பைக்கில் வெளியே வந்ததும் கரும்புக்கட்டை ஏற்றும் தடியால் முழங்காலில் ஒரு அடி, பைக் சாய்ந்ததும் அதே இடத்தில் இன்னொன்று. பைக்கின் ஹெட்லைட்டை உடைத்தான். செக்யூரிட்டிகள் ஓடிவந்து அவனைக் கீழே தள்ளி, அவன் வாயில் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ரோட்டில் ஒரு பல் கிடந்தது. அவன் அதைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

காதில் பஞ்சோடு வீட்டில் இருந்த அக்காவை நான் போய்ப் பார்த்தபோது, தம்பியை அவர் திட்டிக்கொண்டிருந்தார். "உன்ன யாரு போவ சொன்னது? நீ அவன அடிச்ச, அவனுங்க என் வேலைய அடிச்சிட்டாங்க பாரு." கையில் கம்பெனியின் நோட்டீஸ். உற்பத்தியைத் தடுத்தது, வெளியாட்களை வரவழைத்தது. ஏன் நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

"பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசம் பாக்கி கீது பாப்பா" என்றார். அதைத் தவிர வேறெதுவும் என்னிடம் கேட்கவில்லை.

கடைசி விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டேப்பின் நிலையை மட்டும் சொன்னால் போதும் என்று. மாடிப்படியில் சூப்பர்வைசர் கட்டுப்போட்ட காலோடு நின்றிருந்தார். வழியை விடவில்லை.

"நீ சத்துவாச்சாரில தான எறங்குற? கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும் அந்த ஸ்டாப்பு. பாத்துப் பேசு."

முழங்கால் கட்டின் மீது கண்ணை வைத்தபடி, அவர் நகரும் வரை நின்றேன். நகர்ந்தார். என் கையில் பக்கத்து லைனின் டேப் இருந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

அறையில் யூனிட் மேனேஜர், ஹெச்.ஆர். அதிகாரி, அக்கா, லைனிலிருந்து சாட்சிக்கு, எனக்கு இன்டர்காம் அடித்த அந்தப் பெண். அவள் கதவோரம் நின்றாள். என் பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்து உட்கார்ந்தார். நான் வரிசைப்படி சொன்னேன். கரண்ட் போனது. டேப் அணைந்தது. எழுந்ததும் அப்டேட் தொடங்கியது. நான் அதை அக்காவிடமும் சூப்பர்வைசரிடமும் சொன்னேன். இன்டர்காம் வந்து நான் ஓடிப்போய் நின்ற பிறகுதான், என் கண் முன்னால், அது முடிந்தது. இடைப்பட்ட நேரம் முழுக்க அந்த டேப்பில் யாரும் எண்ட்ரி அடிக்க முடியாது.

"எடுத்துச்சி சார்" என்றார் சூப்பர்வைசர். "மெதுவா எடுத்துச்சி. அடிச்சா எடுக்கும். நாங்க தெனம் அடிக்கறவங்க. இது ரூமுல ஒக்காந்துக்கினு பேசுது."

ஞாயிற்றுக்கிழமை வேலை இந்த அமளியில் தள்ளிப்போனதால், நான் எடுத்துப்போன டேப்பில் அதே அப்டேட் இன்னும் நிறுவப்படாமல் காத்திருந்தது. எல்லோர் முன்னாலும் அதை அணைத்துத் திறந்தேன். கறுப்புத் திரை வந்தது, வெள்ளை வட்டம் வந்தது. மேசை மேல் அவர் பக்கம் தள்ளினேன்.

"அன்னிக்கு அடிச்ச மாதிரி அடிங்க சார்."

அவர் விரலால் குத்தினார். வட்டம் சுற்றியது. மறுபடி குத்தினார்.

"ஏன் வரல?" என்றார் மேனேஜர்.

"அப்டேட் ஆவுது சார். முடியற வரைக்கும் யார் அடிச்சாலும் அதுக்குத் தெரியாது."

"முடியட்டும், பாக்கலாம்" என்று மேனேஜர் சாய்ந்துகொண்டார்.

காத்திருந்தோம். ஓர் அப்டேட்டுக்காக அத்தனை பெரிய ஆட்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கீழே தளத்தில் சுத்தியல்கள் ஓயாமல் கேட்டன. அக்காவுக்கு அறையில் பேசியது பாதி கேட்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரின் கழுத்து நரம்பு எழும்பிக்கொண்டே வந்தது. மறுபடி குத்தினார், இரண்டு விரலால், பிறகு முஷ்டியால். "எடுக்கும் சார். எடுக்கும். எடுடா…" என்று ஆரம்பித்தவர், கையை விரித்து, தோளிலிருந்து இறக்கி, உள்ளங்கையால் டேப்பை அறைந்தார்.

டேப் துள்ளித் தரையில் விழுந்து கண்ணாடி விரிந்தது. அதற்கு முன்பே, கை காற்றில் இருக்கும்போதே, அக்கா இடது காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து கீழே இறங்கிவிட்டார். தலையை முழங்கால்களுக்கு நடுவில் புதைத்து, சுவரோரம், சிறிய மூட்டையாக. சத்தம் இன்னும் எழவே இல்லை. ஓரக்கண்ணில் கையைப் பார்த்திருக்கிறார்.

மேனேஜர் சூப்பர்வைசரின் உள்ளங்கையைப் பார்த்தார். கண்ணாடித் துண்டு கீறி அதில் ரத்தம் வந்திருந்தது.

"இந்தக் கையாலதான் எண்ட்ரி அடிச்சியா?"

பதில் கதவோரத்திலிருந்து வந்தது. "காதுல சார்" என்றாள் அந்தப் பெண். ஓர் அடி முன்னால் வந்தாள். திரும்பச் சொன்னாள். "காதுல அடிச்சாரு. ரெண்டு வாட்டி. நான் பாத்தேன்." ஹெச்.ஆர். அதிகாரி எழுதத் தொடங்கினார். தரையில், விரிசலுக்குப் பின்னால், வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசரை வேலையிலிருந்து எடுத்தார்கள். அக்காவின் புகார் போலீசுக்குப் போனது. முழங்காலுக்காக அவர் கொடுத்த புகாரும் போனது. இரண்டும் இன்னும் நடக்கின்றன. தம்பி பல் இல்லாத இடத்தோடு மாதா மாதம் கோர்ட்டுக்குப் போய் நிற்கிறான். என் ஸ்டாப்பில் எவரும் வந்து நிற்கவில்லை, ஆனாலும் கொஞ்ச காலம் அண்ணனை வரச்சொல்லி அவனோடுதான் வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் நோட்டீஸ் ரத்தானது. செவிப்பறையின் கிழிசல் மூடிக்கொள்ளவில்லை. திரும்பி வந்த நாளில் நேராக அதே மேசைக்குப் போனார். வேறு இடம் தருகிறோம் என்றதற்கு, இடம் ஒன்றும் தன்னை அடிக்கவில்லையே என்றார். நான் இடது பக்கமாகப் போய் நின்று வணக்கம் சொன்னேன்; அவர் திரும்பவில்லை. சுற்றி வலது பக்கம் வந்த பிறகுதான் சிரித்தார்.

"இந்தப் பக்கம் வா பாப்பா. அந்தக் கதவு மூடிக்கிச்சி."

மணியானது. புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் மிஷினிலிருந்து கத்தினாள். "யக்கா, ஹவர்லி! எண்ட்ரி அடி…" பாதியில் நிறுத்திக்கொண்டாள். லைனே அவளைப் பார்த்தது.

"அடின்னு சொல்லாதடி இனிமே" என்றார் அக்கா. "எண்ட்ரி போடுன்னு சொல்லு."

பக்கத்து மிஷினிலிருந்து ஒருத்தி தலையைத் தூக்காமலே சொன்னாள். "நல்லாக்கீது போ. நாளைக்கி விசாரணைல 'போட்டுட்டேன் சார்'னு சொன்னா, கொலக் கேசு ஆய்டும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் காதுக்குள் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது கையால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, வலது கையின் விரலை ஓவர்கோட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, டேப்பை மெதுவாகத் தொட்டார். உறைக்கவில்லை. இன்னொரு முறை தொட்டார். அது எடுத்துக்கொள்ளும் வரை, அடிக்காமல், தொட்டுக்கொண்டே இருந்தார்.